சத்தம் சொல்லும் இடம்

ஹட்டன், நுவரெலியா பக்கம் பழைய ஜீப் வைத்திருக்கும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "முன்பக்கம் கடகடங்குது, ஷொக் மாத்தியும் நிக்கல." இதற்குக் காரணம் பெரும்பாலும் எளியது. அந்தச் சத்தம் ஷொக் அப்சோபரிலிருந்து வரவே இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. வரியும் சேர்ந்த இன்றைய விலை தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவருக்கோ ஆசிரியர் ஒருவருக்கோ எட்டக்கூடியதல்ல. ஆகவே வீட்டில் நிற்கும் மொன்டேரோவையும் எக்ஸ்-ட்ரெயிலையும் சி.ஆர்.வியையும் நாம் இன்னும் பல வருடம் ஓட்டியாக வேண்டும். பாகம் மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அதனாலேயே இப்போது அவசியமாகிறது.

தோட்டத்துக்குள் திரும்பியதும் தார் முடிந்து கல் ரோடு தொடங்கும். அங்கே ஒரு சக்கரம் கல்லில் ஏறும் நேரத்தில் மற்றது பள்ளத்தில் இறங்குகிறது. வளைவில் வண்டி அதிகம் சாயாமலிருக்க இடது வலது சக்கரங்களைக் குறுக்கே இணைக்கும் ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளையும் சக்கரப் பக்கத்தோடு பிணைப்பவை லிங்க் எனப்படும் சிறிய துண்டுகள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பிக்கு வேலை கிடையாது. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கப்படுகிறது, லிங்க்கின் மூட்டுகளும் அடிபடுகின்றன. கல் ரோட்டில் நாள் முழுக்க நடப்பது இதுதான்.

சோதனையும் இதிலேயே இருக்கிறது. வேகத்தடை ஒன்றில் இரு சக்கரமும் சமமாக ஏறும்படி மெதுவாகப் போங்கள். அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி போங்கள். முதல் தடவை அமைதியாக இருந்து இரண்டாவது தடவை கடகடத்தால், லிங்க்கையும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஷொக்கோடு ஒப்பிட்டால் இவை இரண்டுக்கும் ஆகும் செலவு சிறியது.

சத்தம் வரும் நேரமே இடத்தைச் சொல்லும். பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டக்', திரும்ப எடுக்கும்போது இன்னொரு 'டக்' என்றால் லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப முனகினால், போல் ஜொயின்ட்டையோ ஷொக்கின் மேல் மவுன்ட்டையோ பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகரும்போது டக்டக்கென்று தொடர்ந்து அடித்தால் அது சீ.வி. ஜொயின்ட். அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். விடியற்குளிரில் பழைய ரப்பர் இறுகி முனகும், ஓடிச் சூடானதும் அடங்கும். இதற்கென்று சிலர் எஞ்சின் ஒயிலையோ கிரீஸையோ பூசுகிறார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பதிலாக, ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எதை நனைத்ததும் முனகல் நிற்கிறதோ, மாற்ற வேண்டியது அதைத்தான்.

புதிய புஷ் ஆறே மாதத்தில் போய்விட்டது என்று பாகத்தைக் குறை சொல்வதும் வழக்கம். பல நேரம் குறை பூட்டிய விதத்தில் இருக்கிறது. ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் உள்ளும் வெளியும் இரும்போடு ஒட்டியது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு விடாது, கிழிவது நிச்சயம். போல்ட்டை இலேசாகப் பூட்டி, வண்டியின் பாரம் சக்கரத்தில் ஏறிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைக் கராஜில் பாஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை. வேலை முடிந்ததும் வீல் எலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம். கழற்றிய பாகங்களில் நல்லவையும் கிடைக்கும். ஆனால் புஷ்ஷையும் போல் ஜொயின்ட்டையும் பழையதாக வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். அவற்றில் தேய்வதே விலை கொடுத்து வாங்கும் பகுதி.

போல் ஜொயின்ட்டை மட்டும் எந்தக் கணக்கிலும் தள்ளிப்போடக் கூடாது. லிங்க் போனால் சத்தம் வரும், வளைவில் சாய்வு கூடும். போல் ஜொயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜெக்கால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் அடியில் கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் ஜெக்கை நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடந்தோறும் புகைப் பரிசோதனை செய்கிறோம். ஆனால் குடும்ப வண்டியின் போல் ஜொயின்ட்டை அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவைப்பது வண்டிக்காரரின் பொறுப்பு. அதில் ஆட்டம் தெரிந்தால், புதியது வந்து பூட்டும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றி மலை இறங்காதீர்கள்.