சும்மா இருந்தவளா?

கோச்சடையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.காம். படித்தவர். நாலு வருஷம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியிருக்கிறார். 2016-ல் மூத்தவன் பிறந்தபோது நின்றவர்தான். இப்போது சின்னவளும் பள்ளிக்கூடம் போகிறாள். "லிங்க்ட்இன்னில் பெயரைப் பதிந்து ஆறு மாசமாச்சு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. இத்தனை வருஷம் சும்மா இருந்தவளை யார் கூப்பிடுவாங்க?" என்று கேட்கிறார்.

சும்மா இருந்தாராம்! அந்தக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. சேமிப்பு, கடன், வட்டி, தவணை, பேங்க்கில் கட்டியது, கூட்டத் தீர்மானம் எல்லாம் இவர் கையெழுத்தில்தானே? இதை ஏன் சகோதரி லிங்க்ட்இன்னில் எழுதவில்லை? சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை இல்லையா? தன்னார்வப் பணிக்கென்றே அங்கே ஓர் இடம் உண்டு. எத்தனை உறுப்பினர், எத்தனை வருஷமாக என்று எண்ணோடு எழுதுங்கள்.

2003-ல் ஆரம்பித்த இந்த லிங்க்ட்இன்னைக் கல்யாணத் தரகர் கையிலிருக்கும் ஜாதகக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆள் தேடுகிற கம்பெனிக்காரர் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'டாலி', 'அக்கவுண்ட்ஸ்', 'மதுரை' என்று வார்த்தையைத் தட்டித் தேடுகிறார். உங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தால்தான் நீங்கள் அகப்படுவீர்கள். பெயருக்குக் கீழே வருகிற தலைப்பு வரியில் இவர் 'வேலை தேடுகிறேன்' என்று போட்டிருக்கிறார். அப்படி யார் தேடுவார்கள்? 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. தெரிந்த வேலையை அதில் சொல்லுங்கள். ஊர் என்ற இடத்தில் கோச்சடை வேண்டாம், மதுரை என்று இருக்கட்டும். வீட்டிலிருந்தே செய்யும் வேலையும் சம்மதமென்றால் அதையும் குறிக்க வழியிருக்கிறது.

ஒரு சங்கடம் உண்டு, மறைப்பானேன்? இவர் வேலையை விட்டபோது இருந்தது வாட் வரி. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. இவர் பழகிய டாலி ஈ.ஆர்.பி. 9-ம் போய், 2020-ல் டாலி பிரைம் வந்தாயிற்று. பழசை மட்டும் எழுதினால் பார்க்கிறவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தெரியாததைத் தெரியும் என்று எழுதினாலோ, நேர்முகத்தில் "ஜி.எஸ்.டி.ஆர்.-3பி எப்படிப் போடுவீங்க?" என்று ஒரு கேள்வியில் குட்டு உடைந்துவிடும். மதுரையில் டாலி சொல்லிக் கொடுக்கும் இடங்களுக்குப் பஞ்சமா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் போய்க் கற்றுக்கொண்டு, பிறகு சேருங்கள்.

வேலையில்லாத வருஷங்களைத் தேதி மாற்றி ஒட்டுப்போட வேண்டாம். 2022-லிருந்து 'வேலை இடைவெளி' என்று தனியாகவே குறிக்கலாம். குழந்தை வளர்ப்பு என்ற காரணமும் அதில் இருக்கிறது. இரண்டு வரி போதும். பிரசவக் கதையெல்லாம் வேண்டாம்.

பழைய ஆபீசில் உங்கள் வேலையை அறிந்த சீனியர் யாராவது இருந்தால், லிங்க்ட்இன்னிலேயே நாலு வரி பரிந்துரை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

"பொம்பளைப் புள்ள போட்டோவை ஊரெல்லாம் பார்க்கணுமா?" என்று மாமியார் கேட்கிறாராம். அவர் பயத்திலும் நியாயமுண்டு. படத்தை யார் பார்க்கலாம் என்று அமைப்பில் நாமே முடிவு செய்யலாம். லிங்க்ட்இன் உறுப்பினர்கள் மட்டும் என்று வைத்தால் போதும். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்தே அதைச் செய்யுங்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய, பாதித் தோள் மாலையோடு தெரிகிற படம் மட்டும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் முகம் தெளிவாக ஒன்று எடுத்தால் ஆயிற்று. கதவு எண், போன் நம்பர், பிறந்த தேதி எதுவும் வெளியில் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. பக்கம் சீரானதும் நல்லவர்களோடு கள்ளர்களும் வருவார்கள். "வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க மேடம்" என்று எவராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். வேலை கொடுக்கிறவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். ஏமாந்து அனுப்பிவிட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மூடி மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.