கிளட்ச் வேண்டாம், வண்டி வேண்டும்!

முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆனால் 1970-களில் வாங்கிய செவர்லே சி10 பிக்கப்பை விற்கவும் மனசு வராது. அமெரிக்கத் தாத்தாக்கள் சிலர் இதற்காகவே வண்டியை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுகிறார்கள்.

கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் போதாதா? ம்ஹூம்! ஃப்ளைவீல் இருந்த இடத்தில் ஃப்ளெக்ஸ்பிளேட், கூடவே டார்க் கன்வெர்ட்டர், ஆயில் கூலர் எல்லாம் வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் மாறலாம். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச் கட்டாயம்; இல்லையென்றால் இன்ஜின் உயிர் பெற்றதுமே வண்டி பாயும்.

பலரும் தேடுவது 1982-ல் வந்த 700ஆர்4. ஓவர்டிரைவ் இருப்பதால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாது. ஆபத்து அதன் டிவி கேபிளில். (சீரியல் பார்க்கும் டிவி அல்ல, த்ராட்டில் வால்வு!) கார்புரேட்டரோடு இணையும் இந்த கேபிள் தொய்வாக இருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் கருகிவிடும். பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் முதல் ரவுண்டு போகவே கூடாது.