இல்லமும் கல்வியும்: ‘கணக்கு வராது’

சென்ற திங்கள் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவர் மகன் கூடத்து மூலையில் கணக்குப் புத்தகத்துடன் அமர்ந்திருந்தான். “இவனுக்குக் கணக்கு வராது, பத்தாவதில் ‘பேசிக்’ எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றார் தந்தையார், பிள்ளையின் காதுபடவே. பையன் தலை நிமிரவில்லை. நமக்கோ காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘ஸ்டாண்டர்ட்’, ‘பேசிக்’ என இருவகை வினாத்தாள்களை வைத்தது. பாடம் ஒன்றே, வினாக்களின் கடுமைதான் வேறு. விரும்பி எளியதைத் தேர்வதில் குற்றமில்லை. ஆனால், ‘வராது’ என்னும் சொல்லுக்கு அஞ்சித் தேர்வது வேறு.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 3,530 மாணாக்கரை ஆண்டுதோறும் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர் ஆராய்ச்சியாளர். தொடக்கத்தில் முன்னின்றவர் யார் என்பதில் அறிவுக்கூர்மைக்குப் பெரும்பங்கு இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் வளர்ந்தவர் யார் என்பதோடு அதற்குத் தொடர்பே காணப்படவில்லை. கணிதத்தின்பால் கொண்ட விருப்பமும், பொருளுணர்ந்து கற்கும் பழக்கமுமே அவ்வளர்ச்சியோடு சேர்ந்து சென்றன.

“ஊக்கத்தோடு படி” என்று உபதேசித்தால் விருப்பம் வந்துவிடுமா? வாராது. கனடாவின் கியூபெக்கில் தொடக்கப்பள்ளிச் சிறுவரை ஆராய்ந்தோர், முதலில் தேர்ச்சி, அதன்பின் விருப்பம் என்ற முறையையே கண்டு 2016-இல் எழுதினர். நம் அனுபவமும் அதுவே. பின்னத்தில் தடுமாறியவனுக்கு இயற்கணிதம் எவ்வாறு இனிக்கும்? மேலும், நம் வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. தந்தை “நாலெட்டு முப்பத்திரண்டு” என்பார். பிள்ளையோ பள்ளியில் “சார் அட்டே பத்தீஸ்” என்று பயின்றிருப்பான். அவன் மனத்துள் மொழிபெயர்த்து முடிக்குமுன் இவர் பொறுமை இழந்துவிடுவார்!

பையனின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். ஏழு கணக்குகள் தவறு. ஏழிலும் பிழை ஒன்றே. அடைப்புக்குறியை நீக்குகையில் உள்ளிருக்கும் மைனஸ் குறியை மாற்ற மறந்திருந்தான். மற்றப் படிகள் யாவும் சரி. அதை மட்டும் இருமுறை செய்து காட்டினோம். மூன்றாவதை அவனே செய்தான். நான்காவதற்கு நம்மைக் கேளாமலே பக்கத்தைத் திருப்பினான். தந்தையார் நாற்காலியை விட்டெழுந்து அருகே வந்து நின்றார்.