சீரியலில் கேட்டால் என்ன குறைச்சல்?

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குத் தெற்கே ஒரு சிமெண்ட் பெஞ்சு. தினமும் காலை ஆறரைக்கு நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். இரண்டு பேர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள், மூன்று பேர் என்னைப்போல் ஆபீஸில் பேனா தேய்த்தவர்கள். அரசியல் பேசுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம், ஏற்கெனவே ஒரு நண்பரை அதில் இழந்துவிட்டோம். மிச்சம் இருப்பது சர்க்கரை, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள், பழைய பாட்டு. போன வாரம் இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வந்தது.

நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் உள்ளங்கையில கிடைக்குது. ஒரு ராக் தட்டுக்கு நாம என்ன பாடு பட்டோம்? தேடி அலைஞ்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். ரீல்ஸ்லயும் சீரியல்லயும் கேட்டுட்டு வந்து எனக்கு ராக் பிடிக்கும்னா, அது ஒரு ரசனையா?" மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். பெஞ்சில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

முதலில் 'நாம் பட்ட பாடு' என்ன என்று பார்ப்போம்.

1964-ஆம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் அத்தை மகன் லீவில் வந்தபோது ஒரு 'தெப்பாஸ்' பெட்டி கொண்டுவந்தார். லியோன் நகரத்தில் செய்தது. சூட்கேஸ் மாதிரி மூடிவைக்கலாம், மூடியே ஒலிபெருக்கி. கூடவே ஒரு டஜன் 45 சுற்றுத் தட்டுகள். பிரான்சில் அப்போது வந்த சின்னத் தட்டுகளில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு இருக்கும். அந்த நாற்பத்தெட்டுப் பாட்டுகள்தான் எங்கள் தெருவுக்கு உலகத்தின் மொத்த ராக் இசை.

பெட்டிக்கு அடியில் சில 'சல்யு லே கொப்பேன்' இதழ்களும் இருந்தன. தானியேல் ஃபிலிப்பாச்சி 1959-இல் 'ஐரோப்பா 1' வானொலியில் அந்தப் பெயரில் ஆரம்பித்த நிகழ்ச்சி, 1962-இல் பத்திரிகையாகவும் வந்தது. அந்த வானொலி புதுச்சேரி வரை எட்டாது. ஆகவே பாடகர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்று நாங்களே கற்பனை செய்துகொள்வோம். அதில் பாதிப் பாட்டுகளை நான் இன்றுவரை கேட்டதில்லை. கற்பனையில் கேட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தட்டுகளில் ராஜா ஜானி ஹாலிடே ('அலிதே' என்போம், பிரெஞ்சுக்காரனுக்கு 'ஹ' வராதே). அவருடைய 'லெ பெனிதான்சியே' பாட்டைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். சிறைச்சாலையைப் பற்றிய பாட்டு. வருஷங்கள் கழித்து ஒரு நாள் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அதே மெட்டு வந்தது. பாடியது 'அனிமல்ஸ்' என்ற இங்கிலாந்துக் குழு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நம்ம ஜானி பாட்டை வெள்ளைக்காரன் திருடிட்டான்!" என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜானியும் வெள்ளைக்காரர்தான் என்பது அப்போது தோன்றவில்லை. அது அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாடல். பாப் டிலன் 1962-லேயே தன் முதல் எல்.பி.யில் பாடிவிட்டார், அனிமல்ஸ் 1964-இல் பாடினார்கள், அதைத்தான் ஜானி அதே வருஷம் பிரெஞ்சில் பாடினார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. 1966-இல் அவர் பாடிய 'நுவார் செ நுவார்' கதையும் இதேதான். அது ஸ்பெயின் நாட்டு 'லோஸ் பிராவோஸ்' குழுவின் பாட்டு.

தேடி அலைந்ததால் நமக்கு அருமை தெரிந்தது என்கிறார் நண்பர். எனக்குப் பாட்டின் அப்பா பெயரே தெரியவில்லை! இன்று என் பேத்தி அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்வதை நான் தெரிந்துகொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று. அந்தப் பத்து வருஷமும் தப்பாகவே கர்ஜித்துக்கொண்டிருந்தேன்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1973-இல் எல்.டி.சி. வேலை கிடைத்தது. பிரெஞ்சில் படித்தவன் ஆங்கிலத்தில் நோட் போடக் கற்றுக்கொண்டது தனிக்கதை. பாதி ஆங்கிலம் மேலதிகாரியின் திருத்தங்களில் வந்தது, மீதி பாட்டுகளில் வந்தது. முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்து மெட்ராஸில் ஓர் ஆங்கில எல்.பி. வாங்கினேன். பெயர் வேண்டாம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் தட்டைப் பற்றி இருபது வருஷம் நான் பெருமையடித்தேன். உண்மையைச் சொன்னால், அது சுமாரான தட்டு. இரண்டு பாட்டு தேறும், மிச்சம் உமி. ஆனால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தவன் அது உமி என்று எப்படி ஒப்புக்கொள்வான்? நாம் இசைக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் மதிப்பில் பெரும்பகுதி நம் பணத்துக்கு நாம் கொடுத்த மதிப்பு.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

பாரிஸுக்குப் பக்கத்தில் மகள் குடும்பம் இருக்கிறது. 2022 ஜூன் மாதம், அப்போது பதினைந்து வயதான பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினாள். "தாத்தா, இதைக் கேட்டிருக்கீங்களா? உங்களுக்குப் பிடிக்கும்." கேட் புஷ் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்'. 1985-இல் வந்த பாட்டு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் அதைச் சேர்த்ததால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்து, 37 வருஷம் கழித்து இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. 1985-இல்கூட அது மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை.

நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் எழுதினேன். "சீரியல் பார்த்தா பாட்டைக் கண்டுபிடிக்கிறாய்? நாங்களெல்லாம் ஒரு தட்டுக்காக..." என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். ரசனை என்றால் என்ன என்று பாடம் வேறு. "சரி தாத்தா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பொங்கல் வாழ்த்து வரும், பிறந்தநாள் வாழ்த்து வரும். பாட்டு வரவில்லை. மூன்று வருஷம் வரவில்லை.

இதற்கு என் உத்தியோகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனையோ மனுக்களை 'உரிய வழியாக வரவில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனுவில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, வந்த வழியைப் பார்த்தால் போதும், சௌகரியமான ஏற்பாடு. பேத்தியின் பாட்டையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். பெஞ்சு நண்பர் செய்வதும் அதைத்தான்.

அப்படியானால் ராக் இசை எந்த உரிய வழியாக வந்தது? பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954-இல் ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டாக வந்தது. பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. மறுவருஷம் 'பிளாக்போர்ட் ஜங்கிள்' என்ற ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் அதைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து முரட்டுப் பையன்களைப் பற்றிய படம். அதன் பிறகுதான் அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. நம் தலைமுறை ராக் என்று எதைக் கும்பிடுகிறதோ, அதன் கதவைத் திறந்ததே ஒரு சினிமா! சினிமாவில் கேட்டால் வரலாறு, சீரியலில் கேட்டால் அற்பமா?

இன்னொருவர், நிக் டிரேக் என்ற ஆங்கிலேயர். மூன்று எல்.பி. போட்டார், மூன்றும் விற்கவில்லை. 1974-இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' பாட்டு ஒலித்ததும் ஜனங்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். கார் விளம்பரம் கேவலமான வழிதான். ஆனால், உரிய வழியில் தேடி அலைந்த ரசிகர்கள் அவர் உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தார்கள்?

சகோதரி ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண்மணி, எல்விஸ் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலேயே எலெக்ட்ரிக் கிதாரோடு ராக் மாதிரி பக்திப் பாடல்கள் பாடியவர். 1973-இல் காலமானார். அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2018-இல். அந்தப் பெயரை என் அறுபது வயது வரை நான் கேள்விப்பட்டதில்லை, பெஞ்சில் எவரும் கேள்விப்பட்டதில்லை என்று பந்தயம் கட்டுவேன். யூடியூபில் ஒரு பழைய படத்துண்டில்தான் அவரைப் பார்த்தேன். ஒரு ரயில் நிலைய மேடை, மழைக்காலக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிதார் வாசிக்கிறார். வேறொன்றைத் தேடப்போய் அந்த இயந்திரம் காட்டியது.

மதிப்பும் நிலையாக நிற்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-இல் போட்ட 500 ஆல்பங்களின் பட்டியலில் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' முதலிடம். 2020-இல் அதே பத்திரிகை புதிதாகப் பட்டியல் போட்டபோது அது 24-ஆம் இடத்துக்கு இறங்கி, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. நண்பருக்கு இது மகா அநியாயம். நான் கேட்டேன்: "தட்டு மாறிச்சாங்க? கேட்டவங்க மாறினாங்க." பதிலுக்கு அவர் சர்க்கரை மாத்திரை நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

ஆனால் இந்தக் காலத்தின் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் சண்டை பிள்ளைகளோடு இல்லை, கடைக்காரனோடு. ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு பாட்டை முப்பது விநாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகப் பதிவாகும். 2024 முதல், ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி பைசா கிடையாது. நிக் டிரேக் போன்ற ஒருவர் இன்று பாட வந்தால் இந்த விதியே அவரை வடிகட்டிவிடும்.

எனக்கு வேறு ஒரு கவலையும் உண்டு. 1976-இல் கப்பலில் வேலை பார்த்த தெருக்காரர் ஒருவர் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' கேசட் கொடுத்தார். அதில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்ற பாட்டில் மனிதக்குரல் வருவதற்கே எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை எனக்குத் தூக்கம் வந்தது. ஆனால் அந்த மாதம் வீட்டில் வேறு புதுக் கேசட் இல்லை. வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டேன். பதினைந்தாவது தடவையோ இருபதாவது தடவையோ, கரண்ட் போய்த் திரும்பி வந்த ஓர் இரவில், அந்தக் கிதாரின் நாலு ஸ்வரம் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை. இன்றைக்கு இருந்தால் முப்பது விநாடியில் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். சும்மா சொல்லவில்லை, இப்போது என் கைப்பேசியில் நானே அப்படித்தான் தள்ளுகிறேன், எழுபத்து மூன்று வயதில், வேறு ஒரு வேலையும் இல்லாதபோதே.

இல்லாமைதான் என்னை அந்த உமித் தட்டை இருபது வருஷம் மெச்ச வைத்தது. அதே இல்லாமைதான் ஃபிளாய்டையும் கொடுத்தது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நண்பர் இரண்டாவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிடுகிறார். அதோடு, அத்தை மகனும் அந்தக் கப்பல்காரரும் பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று மறுவாரம் வந்து கேட்டார்கள். அதற்கு அஞ்சியாவது முழுசாகக் கேட்டேன். இயந்திரம் அப்படி வந்து கேட்காது. என் பேத்தி கேட்டாள். அவளுக்குத்தான் நான் ஒரு பக்கப் பாடம் எழுதி அனுப்பினேன்.

போன மாதம், தூக்கம் வராத ஓர் இரவில், அந்தக் கேட் புஷ் பாட்டைத் தேடி எடுத்துக் கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். பிறகு அவளுக்கு எழுதினேன்: "பாப்பா, நீ 2022-இல் அனுப்பின பாட்டை இப்போதுதான் கேட்டேன். அன்றைக்குக் கேட்காமலே எழுதிவிட்டேன். தப்பு." இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பாட்டு வந்தது. எனக்குத் தெரியாத குழு, ஏழு நிமிஷம். கீழே, "முழுசா கேளுங்க தாத்தா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கேட்பேன்."

இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இதுவரை பிடிக்கவில்லை. நடுவில் ஓர் இடம் மட்டும் பரவாயில்லை. இன்று வெள்ளிக்கிழமை.