வளவில் தட்டுப்படும் கல்

தொல்பொருள் திணைக்களம் உரிமை கோரும் வெடுக்குநாறிமலைக் கோயிலில் உடைத்தகற்றப்பட்ட விக்கிரகங்களை மீண்டும் வைக்க 2023 ஏப்ரலில் வவுனியா நீதவான் நீதிமன்றம் வழிவிட்டது. கோயில் விவகாரந்தானே, தோட்டம் அமைப்போருக்கு அதில் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த விவகாரத்தின் தொல்பொருள் சட்டமே நம் வளவையும் தொடுகிறது. ஓமந்தையிலோ நெடுங்கேணியிலோ வளவு திருத்தும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் கல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து இந்த இதழ் இனியும் நழுவ முடியாது.

நிலைப்பாடு இது: மண்ணிலிருந்து எழும் செதுக்குக் கல்லைத் தோட்டத்தில் வைக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் சொத்து. கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், வேலையை நிறுத்துங்கள், பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இதனால் தோட்டம் வறுமைப்படாது. பென்தோட்டைக்கு அருகே, 1948இல் வாங்கிய லுணுகங்கைத் தோட்டத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மகிழமரத்தடியில் ஒரு பெரிய சாடியை வைத்தார். வீட்டிலிருந்து பார்ப்பவரின் கண் குன்றேறி, அந்தச் சாடியில் ஒரு கணம் தங்கி, தொலைவில் தெரியும் தாதுகோபத்துக்குப் போகும். வைத்த பொருளை விட வைத்த இடமே அங்கே வேலை செய்கிறது. நமக்கு ஆட்டுக்கல் போதும். குழியில் நீர்விட்டு அல்லி வைக்கலாம். நுளம்பு பெருகாமல் இரண்டு கப்பி மீன் விடுங்கள். நீர் வடிய அடியில் துளை போடாதீர்கள், அமிலம் ஊற்றிக் கழுவாதீர்கள். பல தலைமுறைக் கைகள் அரைத்துத் தேய்த்த வழுவழுப்பு ஒருமுறை போனால் திரும்பாது. யாரிடம் வாங்கியது என்ற துண்டையும் கோப்பில் வையுங்கள்.

அந்தத் துண்டு எதற்கு? சட்டத்தின் எல்லைக்கோடு 1815 மார்ச் 2. அதற்கு முந்தையது என்று நிறுவப்பட்டதோடு சட்டம் நிற்கவில்லை. முந்தையது என நம்பப்படுவதும் தொல்பொருளே. சிலை மட்டுமல்ல, கொத்திச் சீராக்கிய கல்லும் அதற்குள் அடங்கும். அப்படியானால் கிழவியின் அம்மிக்கு வயது சொல்லப்போவது யார்? நம்புகிறவர் யார், எந்த ஆதாரத்தில், எத்தனை நாளுக்குள்?

இந்த இதழ் நெடுங்காலமாகக் கேட்டுவருவது இதைத்தான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழர்கூட இல்லை. வெடுக்குநாறியில் 2024 சிவராத்திரி இரவு வழிபாட்டின்போது கைதான எட்டுப் பேரையும் அதே மாதம் நீதிமன்றம் விடுவித்தது. இதையெல்லாம் பார்த்த வன்னிக் காணிக்காரர் கல்லைக் கண்டதும் பிரதேச செயலகத்துக்கு ஓடுவாரா, இரவோடிரவாகப் பெக்கோவால் மூடுவாரா? மூடுபவரைக் குற்றவாளி என்பது சுலபம். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய தொல்பொருள் திணைக்களம் மரபு அழிகிறது என்று கொழும்பிலிருந்து புலம்புவது எரிச்சலூட்டுகிறது. கல்லோடு அது கிடந்த மண்ணடுக்கின் சான்றும் போகிறது. சைவமோ பௌத்தமோ, இழப்பு வரலாற்றுக்கே.

அறிவிப்பவருக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டும், கல்லின் காலம் குறித்த முடிவும் அதன் காரணமும் எழுத்தில், தமிழில் வேண்டும். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. இதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை. அதுவரை, கல் எழுந்தால் வேலை நிற்கும், அந்த நாட்களின் கூலியை வாடிக்கையாளரே ஏற்பார் என்ற வரியைத் தோட்டம் அமைப்போர் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.