எதை எதோட ஒருங்கிணைச்சீங்க?

அக்கா மகன் சென்னையில இருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, நெல்லை விட்டுட்டு இறாலுக்குப் போயிடுங்க. கடல் உள்ள வந்தா வரட்டும், அந்தத் தண்ணியிலயே சம்பாதிக்கலாம்"னு கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பருவநிலை மாற்றத்தைத் தாங்குற 'ஒருங்கிணைந்த' மீன் வளர்ப்பாம் அது. பார்த்தேன். நாலு பெரிய குளம், அதுல ஏரேட்டர் சுத்துது. நெல் இல்ல, மாடு இல்ல, வரப்புல ஒரு கத்திரிச்செடி கூட இல்ல. அப்புறம் எதை எதோட ஒருங்கிணைச்சாங்க?

நான் மீனுக்கு எதிரி இல்லீங்க. வேதாரண்யம் பக்கம் கடைமடையில எனக்கு ஆறு மா நிலம், உங்க கணக்குல 2 ஏக்கர். போர்ல உப்புத் தண்ணிதான் வருது. கோடையில வயல் காஞ்சா மண்ணு மேல வெள்ளையா பூத்துடும். 2018-ல கஜா அடிச்ச பிறகுதான் வயலோரமா நெஞ்சளவு பள்ளம் வெட்டி, அந்த மண்ணைப் போட்டு வரப்பை உயர்த்தினேன். நிலத்துல பத்துல ஒரு பங்கு அதுக்கே போச்சு. வீட்டுல திட்டினாங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தப் பள்ளம் நிறையும். மழைத்தண்ணி உப்புத்தண்ணியை விட கனம் கம்மி. அது மேல நின்னு உப்பைக் கீழ அமுக்கும். வயல்ல குழியடிச்சான் நெல், பள்ளத்துல கெண்டைக் குஞ்சு, வரப்புல கத்தரியும் கீரையும். மருந்து அடிச்சா மீன் செத்துடும்ங்கிறதால மருந்துச் செலவே இல்லாம போச்சு. தை மாசம் அறுப்பு. பள்ளத்துல தண்ணி தாக்குப் பிடிச்சா மீனை ஏப்ரல் 15 வரைக்கும் விட்டு வைப்பேன். அன்னைக்குத்தான் கடல்ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பம், 61 நாளு. அப்ப குளத்து மீனுக்கு நல்ல விலை.

இதுல கோடீஸ்வரன் ஆக முடியாது. ஆனா நெல் பொய்ச்ச வருஷம் மீன் சோறு போட்டிருக்கு.

இதையும் இறால் பண்ணையையும் ஒரே பேர்ல கூப்பிடாதீங்கன்னுதான் சொல்றேன். நான் மழைத்தண்ணியை நிறுத்தி உப்பை அமுக்குறேன். அவங்க உப்புத்தண்ணியை பம்ப் வச்சு இழுத்து நிலத்து மேல நிறுத்துறாங்க. அந்த உப்பு என் வரப்புக்கு அடியில கசிஞ்சு வந்தா என் பள்ளமும் போச்சு, குடிக்கிற கிணறும் போச்சு. நாகப்பட்டினம் பக்கம் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இதுக்காகத்தான் போராடினாங்க. ஐயா போட்ட வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம் விளைநிலத்தை இறால் குளமா மாத்தக்கூடாதுன்னே சொல்லிடுச்சு. அப்புறம் 2005-ல தனிச் சட்டம் போட்டு இறால் பண்ணைக்கு வழி திறந்துட்டாங்க. இப்ப அதே குளம் 'பருவநிலை' சட்டை மாட்டிக்கிட்டு வருது.

"கேரளாவுல பொக்காளி வயல்ல நெல்லும் இறாலும் மாத்தி மாத்தி வைக்கிறாங்களே"ன்னு படிச்சவங்க கேக்குறாங்க. நல்ல முறைதான். ஆனா அங்க ஜூன்ல கொட்டுற மழை உப்பைக் கழுவிட்டுத்தான் நெல் போடுறாங்க. இறால் நவம்பருக்கு அப்புறம்தான், அதுவும் அறுத்த தாளைத் தின்னு வளருது. நமக்கு மழையே ஐப்பசியிலதான். தை மாசம் அறுத்துட்டு உப்புத்தண்ணியை உள்ள விட்டா, அடுத்த சம்பா விதைக்கிற ஆவணிக்குள்ள அதைக் கழுவ எந்த மழை வரும்? ஆத்துத் தண்ணியும் கடைமடைக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

அக்கறை உள்ளவங்க எனக்கு இறால் வீடியோ அனுப்ப வேண்டாம். பக்கத்துல எவனும் உப்புத்தண்ணி நிறுத்தாம பார்த்துக்கச் சொல்லி எழுதுங்க. வடிகாலைத் தூர் வாரச் சொல்லுங்க. போன தடவை வெள்ளம் வந்து வரப்பு உடைஞ்சு மீனெல்லாம் போச்சு. கணக்கெடுக்க வந்தவர் நெல்லை எழுதிக்கிட்டார். மீனைச் சொன்னேன். "ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லையே பெரியவரே"ன்னார்.

அக்கா மகனுக்கு பதில் போட்டுட்டேன்: "சித்திரையில வாடா தம்பி, பள்ளம் இறைக்கிறோம். கெண்டை எடுத்துட்டுப் போ."