24 வயதிலும் விடாத முகப்பரு... கல்யாணத்துக்குள் சரியாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. பிளஸ் டூ படிக்கும்போது வந்த முகப்பரு இன்னும் போகவில்லை. கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பெரிது பெரிதாக, வலியோடு வருகிறது. பார்லர் ஃபேஷியல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீம், தோழி சொன்ன சீரம், ஒரு டாக்டர் கொடுத்த ஜெல் என எல்லாம் பார்த்துவிட்டோம். எதுவும் நிலைக்கவில்லை. இன்னும் ஐந்து மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் முகத்தைப் பற்றியே பேசுவதால், விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். 'ஒரு மாத்திரை இருக்கிறது, சாப்பிட்டால் அடியோடு போய்விடும்' என்கிறார்கள். கொடுக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: ஐந்து மாதம் என்பது நல்ல அவகாசம்தான். புதிதாகப் பரு வருவதை அதற்குள் பெருமளவு கட்டுப்படுத்திவிடலாம். கறுப்புத் தழும்புகள் ஓரளவு மங்கும். பள்ளமாக விழுந்த வடுக்கள் அதற்குள் மறையாது. நீங்கள் கேட்ட மாத்திரையைக் கொடுப்பதா என்பதற்குப் பதில், உங்கள் மகளின் கல்யாணத் தேதியோடு சம்பந்தப்பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனை செய்தும் ஏன் போகவில்லை?

தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன் தூண்டுதலால் அதிகம் சுரக்கின்றன. இறந்த செல்கள் சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. அங்கே பாக்டீரியா பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இன்று கண்ணாடியில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்ட ஒன்று. அதனால் எந்த மருந்தாக இருந்தாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். என்னிடம் வருகிறவர்களில் பலர் மூன்றாவது வாரத்திலேயே 'இது கேட்கவில்லை' என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். ஐந்து வருடங்களில் பத்து மருந்து பார்த்திருப்பார்கள். ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் அந்த ட்யூபை எடுத்துப் பாருங்கள்

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். போட்ட ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் பழையதைவிட அதிகமாகப் பொங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, ஸ்டீராய்டாலேயே பரு வரத் தொடங்கும். இப்படிப்பட்ட பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் விற்பனை நின்றபாடில்லை. உங்கள் மகள் இதை நீண்ட நாள் பயன்படுத்தியிருந்தால், ட்யூபையும் கையோடு கொண்டுபோய் சரும மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்பதற்கும் அவருடைய மேற்பார்வை வேண்டும்.

மாதவிடாய் சரியாக வருகிறதா?

இருபது வயதைத் தாண்டியும் தாடை ஓரத்திலும் கழுத்திலும் பரு வந்தால், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மாதவிடாய் தள்ளிப்போவது, மோவாயில் முடி வளர்வது, உச்சந்தலையில் முடி மெலிவது, எடை கூடுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்க்க வேண்டியிருக்கும். இருந்தால் க்ரீம் மட்டும் போதாது, ஹார்மோனைச் சீராக்கும் சிகிச்சையும் தேவைப்படும்.

நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு பொரிப்பொரியாக வந்தால் அது பருவாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பருவுக்கான மருந்து அதற்குக் கேட்காது. தலைக்கு நிறைய தேங்காயெண்ணெய் வைத்து, அது நெற்றியில் வழிந்தாலும் அங்கே துவாரங்கள் அடைபடும்.

என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

*படி 1:* இரவில் அடாபலீன் ஜெல். துவார அடைப்பை நீக்குவது இதுதான். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது தவறு. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உலரும், உரியும், பரு சற்று அதிகமானது போலவும் தெரியும். பயந்து நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, மேலே மாய்ஸ்ச்சரைசர் தடவலாம். இதோடு 2.5 சதவிகித பென்சாயில் பெராக்ஸைடு சேர்த்தால் பாக்டீரியா குறையும். இது தலையணை உறையையும் துணியையும் வெளுக்கவைக்கும், கவனம். காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன் கட்டாயம்.

*படி 2:* சீழும் வீக்கமும் அதிகமென்றால் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. இதைச் சுமார் மூன்று மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை. நிறைய தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் ஜெல்லையோ மாத்திரையையோ தனியாகவே கொடுத்தால் பாக்டீரியா பழகிவிடும். அதனால்தான் படி 1-ல் சொன்ன மருந்துகளும் கூடவே தொடர வேண்டும்.

*படி 3:* பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை. சில வகை கருத்தடை மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் தாடை ஓரப் பருவுக்கு நன்றாக உதவும். ஆனால் ரத்தம் உறையும் பிரச்னையோ, கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்களுக்கு அந்தக் கருத்தடை மாத்திரை ஆகாது. கர்ப்ப காலத்தில் ஸ்பைரோனோலாக்டோன் கூடாது.

*படி 4:* நீங்கள் கேள்விப்பட்ட அந்த மாத்திரை.

'அடியோடு போக்கும்' மாத்திரை

அதன் பெயர் ஐசோட்ரெட்டினாயின். 1982 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால், வேறு எதற்கும் அடங்காத பருவுக்கு இதைப்போல வேலை செய்யும் மருந்து இன்னொன்று இல்லை. பலருக்கு ஒரு சுற்றிலேயே பல வருட நிம்மதி கிடைக்கிறது. வடு விழும் பருவுக்கும், மனதை ஒடுக்கிப்போடும் பருவுக்கும் தயங்காமல் இதைக் கொடுக்கிறோம். விசேஷங்களுக்கே வராமல் ஒதுங்கும் பெண்ணின் நிலைமையும் இந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் இது ஒன்றிரண்டு வாரத்தில் முடிவதில்லை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 120 முதல் 150 மி.கி. வரை போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைந்தது 6,000 மி.கி. தினம் 20 மி.கி. என்றால் பத்து மாதங்கள், 30 மி.கி. என்றால் கிட்டத்தட்ட ஏழு மாதங்கள். இன்று தொடங்கினாலும் கல்யாணத்தன்று அவர் மாத்திரையில்தான் இருப்பார்.

கல்யாணத் தேதியைச் சொன்னது இதற்காகத்தான். இந்த மருந்து உடலில் இருக்கும்போது கரு உண்டானால், குழந்தைக்கு மூளை, இதயம், முகம், காது ஆகியவற்றில் கடுமையான பிறவிக் குறைகள் ஏற்படும் ஆபத்து மிக அதிகம். மாத்திரை சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் ஆகவே கூடாது. 'கல்யாணமாகி ஆறு மாதமாச்சு, ஏதாவது விசேஷமா?' என்று கேட்கும் குடும்பத்துக்குள் இந்த மருந்தோடு போகிற பெண், தன் கணவரிடம் இதைப் பேசியிருக்க வேண்டும். நம்பகமான கருத்தடை முறையும் கையில் இருக்க வேண்டும்.

மற்றவை சமாளிக்கக்கூடியவை. உதடு கண்டிப்பாக வெடிக்கும். தொடங்கும் முன்னும் இடையிலும் கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகள் உண்டு. டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. முகத்தில் வாக்ஸிங் கூடாது, தோலோடு பிய்ந்து வரும். மனச்சோர்வு தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடும் மருந்து இது இல்லவே இல்லை.

உங்கள் மகளுக்கு என் யோசனை

சரும மருத்துவர் நேரில் பார்த்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் குழந்தை வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், இப்போது படி 1, 2-ஐ முறையாக மூன்று மாதம் செய்து பார்ப்பதே நல்லது. பலருக்கு அதுவே போதும். கல்யாணத்துக்கு முன்பே மாத்திரையை முடித்துவிட்டு, குழந்தைக்கு முயலும்போது ஜெல்லையும் நிறுத்தி, அசெலாயிக் அமில க்ரீமுக்கு மாறலாம். அது கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தக்கூடியது, கறுப்புத் தழும்பையும் மங்கவைக்கும். ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் இருவருக்கும் சம்மதம், பருவும் வடு விழும் வகை என்றால், ஐசோட்ரெட்டினாயினைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் புதிதாக எதையும் முகத்தில் முயற்சி செய்ய வேண்டாம். எலுமிச்சைச்சாறு, டூத்பேஸ்ட், பிரைடல் ஃபேஷியல் எதுவும் வேண்டாம். பள்ளமான வடுக்களுக்கு மைக்ரோநீட்லிங், லேசர் எல்லாம் இருக்கின்றன. புதுப் பரு வருவது நின்ற பிறகு, நிதானமாக அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனைக்கு மகளோடு போங்கள், ஆனால் டாக்டரின் அறைக்குள் சிறிது நேரம் அவரைத் தனியாகப் பேச விடுங்கள். மாதவிடாய், கருத்தடை, குழந்தை எப்போது என்பதையெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது பல பெண்களால் சொல்ல முடிவதில்லை. எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். முகத்தைப் பற்றிப் பேசும் சொந்தக்காரர்களுக்கு, 'டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுங்கள். அவர் மறுபடியும் விசேஷங்களுக்கு வரத் தொடங்க அதுவும் உதவும்.